‘வயசாச்சு, வேறென்ன?’

புதுச்சேரித் தேங்காய்த்திட்டில் மறதிக்காரர், நடுக்கக்காரர், கை கால் சூம்பியவர் என்று யாரையாவது வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பத்தார் எல்லாருக்கும்,



உங்களில் பாதிப்பேருக்கு என்னைத் தெரியும். உங்கள் பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் எடுத்தவள். ‘நரம்பணுவின் படம் வரைந்து பாகங்களைக் குறி’ என்று கேட்டு அவர்களைப் படுத்தியவளும் நான்தான். துறைமுகத்தை ஒட்டிய தெருவோ, உள்ளே தள்ளி வந்திருக்கும் புது நகரோ, யார் வீட்டில் யாருக்கு என்ன உடம்பு என்பது இந்த ஊரில் ரகசியமே இல்லை. டாக்டர் முன்னால் உட்காரும்போது மட்டும் அது ரகசியமாகிவிடுகிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் கேட்பது பணமோ கையெழுத்தோ இல்லை. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு என்ன ஆனது, எப்போது ஆரம்பித்தது, அதற்கு முன்னால் அவர் என்ன வேலை பார்த்தார், என்ன சாப்பிட்டார், குடும்பத்தில் இன்னும் யாருக்கு இப்படி இருந்தது, இவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். சொன்னால் குணமாகிவிடுமா என்று கேட்பீர்கள். மறதி நோய் என்று நினைத்தது சில சமயம் பி12 சத்துக் குறைவாக இருக்கும், தைராய்டாக இருக்கும், எப்போதோ படகில் வழுக்கி விழுந்ததில் தலைக்குள் தேங்கிய ரத்தக்கட்டாக இருக்கும். அவையெல்லாம் சரிசெய்யக்கூடியவை. அல்சைமர், பார்க்கின்சன், நரம்பணுக்கள் செத்துத் தசை சூம்பும் நோய், இவை அப்படியில்லை. போன நரம்பணுவைத் திருப்பித் தரும் மருந்து இன்று எந்த நாட்டிலும் கிடையாது. ஆனால் அவை ஏன் வருகின்றன என்று தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு உங்கள் வாயிலிருந்து வரும் வார்த்தை தேவைப்படுகிறது. அது கிடைக்காமல் அவர்கள் எப்படியெல்லாம் தடுமாறினார்கள் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது.

முதலில் எங்கள் தெரு அக்கா ஒருவரைப் பற்றி. பல வருஷம் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றவர். வஞ்சிரம், சங்கரா, கிழங்கான், எதைக் கேட்டாலும் விலை நாக்கு நுனியில் இருக்கும். மீதிச் சில்லறையை எண்ணிப் பார்த்ததே இல்லை. கை தானாக எடுத்துக் கொடுக்கும். ஒருநாள் ஐந்நூறு ரூபாய்த் தாளுக்கு மீதியைக் கொடுத்துவிட்டு, அதே ஆளுக்கு மறுபடியும் கொடுத்தார். இன்னொரு நாள் ஒருவருக்குக் கொடுக்கவே இல்லை, கேட்டதற்குச் சண்டை. மகள் கவனித்தாள். அடுத்த நாளிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து பணத்தை அவளே வாங்கிப் போட ஆரம்பித்தாள். அம்மா மீனை எடுத்து வைப்பார், செதில் சுரண்டுவார். விலை சொல்வதும் கணக்குப் பார்ப்பதும் மகள். இரண்டு வருஷம் போல அப்படியே ஓடியது. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, “அம்மா அவங்க வேலையை அவங்களே பார்த்துக்கறாங்களா?” என்று டாக்டர் கேட்டார். “வியாபாரத்துக்குப் போறாங்களே சார்” என்றாள் மகள். அதில் பொய் ஒன்றுமில்லை. அம்மா அன்று காலைகூட மார்க்கெட்டுக்குப் போய்விட்டுத்தான் வந்திருந்தார்.

இந்த ஒரு பதில் ஒரு மாவட்டம் முழுக்கச் சொல்லப்பட்டால் என்ன ஆகும்? 2008-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஏழு நாடுகளில் 65 வயதைத் தாண்டியவர்களைச் சுமார் 15,000 பேர் வரை வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். இந்தியாவில் இரண்டு இடங்கள்: நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர்ப் பக்கம். ஆய்வுக் குழுவின் பெயர் 10/66. உலகத்தில் முதுமை மறதி வந்தவர்களில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், ஆராய்ச்சியில் பத்து விழுக்காடுகூட அவர்களைப் பற்றி நடக்கவில்லை என்பதால் அந்தப் பெயர். அமெரிக்க மனநல மருத்துவர்களின் அளவுகோலை அப்படியே வைத்துப் பார்த்தபோது கியூபாவில் 6.3 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருந்தது. நம் வேலூர்க் கிராமங்களில் வெறும் 0.3. கேட்டால் பெருமையாக இருக்கிறது, இல்லையா? ஆனால் உள்ளூர் நிலைமைக்கு ஏற்ப அந்தக் குழுவே வடிவமைத்த இன்னோர் அளவுகோலை வைத்துப் பார்த்ததும் எண்ணிக்கை பல மடங்கு ஏறிவிட்டது. காரணம் புரிந்துகொள்ள எங்கள் தெரு அக்கா போதும். அமெரிக்க அளவுகோல், ‘அன்றாட வேலை கெட்டுப்போயிருக்கிறதா?’ என்று கேட்கும். நம் வீடுகளில் அன்றாட வேலை கெட விடமாட்டோம். மருமகள் சோறு போட்டுக் கொடுப்பாள், பேரன் கைபிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போவான், மகள் சில்லறை எண்ணுவாள். கேட்டால், “வயசாச்சு, வேறென்ன?” நோய் நம் அன்புக்குள் ஒளிந்துகொண்டது. கணக்கெடுப்பில் நாம் ஆரோக்கியமான கிழவர்களின் தேசமாகிவிட்டோம்.

பிறகு 2023-ல் வெளிவந்த தேசிய அளவிலான ஆய்வு, 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்த நோய் இருப்பதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். மறைத்து வைக்கப்பட்டிருந்ததும் அங்கேதான்.

எத்தனை பேருக்கு என்றே தெரியாத இடத்தில் ஏன் என்று கேட்க முடியாது. சரியாகத் தெரிந்துகொண்டு ஏன் என்று கேட்டால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு, விஜயலட்சுமி ரவீந்திரநாத் என்ற விஞ்ஞானியின் வேலையைச் சொல்கிறேன். என் வகுப்பில் உட்கார்ந்திருந்த பெண்பிள்ளைகளுக்கு மேரி கியூரியைச் சொன்ன அளவுக்கு இவரையும் சொல்லியிருந்தேன். அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறதா பாருங்கள்.

கேசரிப் பருப்பு என்று ஒன்று உண்டு. நமக்குத் துவரம்பருப்பில் கலக்கும் கலப்படச் சரக்காகத்தான் அந்தப் பெயர் பழக்கம். மத்தியப் பிரதேசம், பீகார்ப் பக்கம் அது ஏழைகளின் சாப்பாடு. மழை பொய்த்தாலும் விளையும் பயிர் அது. வேறு தானியம் கிடைக்காத பஞ்ச மாதங்களில் அதையே வேளா வேளைக்குச் சாப்பிட்டவர்களுக்குக் கால்கள் விறைத்து, கத்தரிக்கோல்போல் பின்னிக்கொள்ளும். முதலில் ஒரு கோல், பிறகு இரண்டு, கடைசியில் தரையில் தவழ்ச்சி. புத்தி மட்டும் தெளிவாகவே இருக்கும். ரேவா பகுதியில் பண்ணையாட்களுக்குக் கூலியாகவே இந்தப் பருப்பை அளந்து கொடுத்த காலம் உண்டு. கூலி கொடுத்தவன் வீட்டில் கோதுமை, கூலி வாங்கியவன் வீட்டில் நொண்டி. இதை ‘விதி’ என்று விட்டுவிடாமல் யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்று கவனித்ததால்தான் பருப்பு அகப்பட்டது. 1961 வாக்கில் பல மாநிலங்கள் விற்பனையைத் தடைசெய்தன. 1964-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராவ், அடிகா, சர்மா மூவரும் அதிலிருந்த நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள்.

நஞ்சின் பெயர் தெரிந்தாகிவிட்டது, தடையும் போட்டாகிவிட்டது. அதோடு கோப்பை மூடியிருக்கலாம். 1986-ல் பெங்களூரில் மனநலம், நரம்பியலுக்கான நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் சேர்ந்த விஜயலட்சுமி மூடவில்லை. சாப்பிட்டது உடம்பு முழுக்கத்தான் போகிறது. அப்படியிருக்கக் காலை அசைக்கும் நரம்பணுக்கள் மட்டும் ஏன் சாகின்றன? ஒரே பானையில் சாப்பிட்ட குடும்பத்தில் ஆண்களுக்கு அதிகமாகவும் பெண்களுக்குக் குறைவாகவும் ஏன் வருகிறது?

இரண்டாவது கேள்வியைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். அது ஆய்வகத்தில் பிறந்த கேள்வி இல்லை. ஊர் ஊராகப் போய் யார் யாருக்கு என்று ஆண், பெண், வயது பிரித்து எழுதி வைத்தவர்கள் இருந்ததால் வந்த கேள்வி. அவர்களுக்குக் கதவைத் திறந்து பதில் சொன்ன வீடுகள் இருந்ததால் வந்தது.

விடை இப்படிப் போகிறது. ஒவ்வொரு செல்லிலும் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பு சக்தியை உண்டாக்குகிறது. அந்த வேலையின் முதல் கண்ணியாக ஒரு பெரிய புரதத் தொகுதி இருக்கிறது. கேசரிப் பருப்பின் நஞ்சு அந்த முதல் கண்ணியைத்தான் முடக்குகிறது, அதுவும் காலை இயக்கும் மூளைப் பகுதியிலும் இடுப்புத் தண்டுவடத்திலும். எஞ்சினுக்கு டீசல் போகும் குழாயில் அடைப்பு விழுந்தால் நடுக்கடலில் படகு என்ன ஆகுமோ, அதுதான் அந்தச் செல்லுக்கும். இந்த அடைப்பை நீக்க உடம்பிலேயே குளூட்டாரெடாக்சின் என்ற நொதி இருக்கிறது. பெண் எலிகளின் மூளையில் அது அதிகம்; காரணம் ஈஸ்ட்ரோஜன். அந்த ஹார்மோன் வேலை செய்ய முடியாதபடி மருந்து கொடுத்துத் தடுத்தபோது, அதுவரை தப்பித்துக்கொண்டிருந்த பெண் எலிகளும் ஆண் எலிகளைப்போலவே நஞ்சுக்கு மாட்டிக்கொண்டன. மாதவிலக்கு நிற்காத வயதுப் பெண்களுக்கு ஏன் அந்த நோய் குறைவு என்பதற்கு இப்படி ஒரு விளக்கம் கிடைத்தது.

கேசரிப் பருப்பு நமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். அதே முதல் கண்ணி பார்க்கின்சனிலும் வருகிறது. 1982-ல் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள், திருட்டுத்தனமாகத் தயாரித்த போதைமருந்தை ஊசி போட்டுக்கொண்டு, ஒரே அடியாகச் சிலைபோல் உறைந்து போனார்கள். இருபது, முப்பது, நாற்பது வயது ஆட்களுக்குக் கிழவர்களின் நோய். வில்லியம் லாங்ஸ்டன் என்ற மருத்துவர் அந்தப் போதைமருந்தில் கலந்துவிட்ட எம்பிடிபி என்ற வேதிப்பொருளைக் கண்டுபிடித்து 1983-ல் எழுதினார். அது உடம்புக்குள் மாறி முடக்குவதும் மைட்டோகாண்ட்ரியாவின் அதே கண்ணியை. அதற்குப் பிறகுதான் பூச்சிமருந்துகளின் மேல் விஞ்ஞானிகளின் கண் விழுந்தது. பிரான்ஸ் 2012-ல் விவசாயிகளுக்கு வரும் பார்க்கின்சனைப் பூச்சிமருந்தால் வரும் தொழில்நோயாக ஏற்றுக்கொண்டது. அங்கே நிவாரணம் கேட்க வழியிருக்கிறது. பாகூர்ப் பக்கம் நிலம் வைத்து முதுகில் ஸ்பிரேயர் தூக்கிய சித்தப்பா, மாமா உங்களில் பலருக்கு இருக்கிறார்கள். அவர்களுக்குக் கை நடுக்கம் வந்தபோது எந்த மருந்தை எத்தனை வருஷம் வெறும் மூக்கோடு அடித்தார்கள் என்று யாராவது கேட்டோமா? ‘குடிச்சுக் குடிச்சு நரம்புத் தளர்ச்சி’ என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிட்டோம்.

பார்க்கின்சனைப் பற்றி இன்னொன்று. நடுக்கம் அதன் ஆரம்பம் இல்லை. அது தெரிவதற்குப் பல வருஷம் முன்பே சிலருக்கு வாசனை போய்விடும், மலச்சிக்கல் தொடரும், தூக்கத்தில் கனவில் வருவதையெல்லாம் நிஜத்தில் உதைப்பார்கள், கத்துவார்கள். துறைமுகத்து ஊரில் வாசனை போவதை எப்படிக் கவனிக்காமல் இருக்க முடியும்? நெத்திலிக் கருவாடு அடுப்பில் ஏறினால் தெருவே திரும்பிப் பார்க்கும், அந்த வீட்டுத் தாத்தா மட்டும் “இன்னிக்கு என்ன குழம்பு?” என்று கேட்டால் அதை ஒரு தாளில் தேதி போட்டு எழுதி வையுங்கள். சளியாலும் கொரோனாவாலும்கூட வாசனை போகும். பயந்துகொண்டு ஓட வேண்டாம். எழுதி மட்டும் வையுங்கள்.

நடுக்கத்துக்கு இன்று கொடுக்கும் முக்கிய மருந்து லெவோடோபா. 1937-லேயே சென்னையில், பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில், தாமோதரன், ராமசாமி இருவரும் பூனைக்காலி விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்திருந்தார்கள். அது பார்க்கின்சனுக்கு உதவும் என்று உலகத்துக்குத் தெரிய இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. இதைப் படித்துவிட்டு நாட்டு மருந்துக் கடைக்குப் போய்ப் பூனைக்காலிப் பொடி வாங்காதீர்கள். அளவு தவறினால் வாந்தியும் பிரமையும்தான் மிச்சம்.

கை கால் சூம்பும் நோய்க்கு வருகிறேன். பிரான்ஸில் இருக்கும் உங்கள் சொந்தக்காரர்களைக் கேட்டால் ‘ஷார்க்கோ நோய்’ என்பார்கள். 1869-ல் பாரிஸில் அதை விவரித்த ஷார்க்கோவின் பெயர். பெரும்பாலும் நடுவயதுக்கு மேல் வந்து, சில வருஷத்தில் ஆளை முடித்துவிடும். ஆனால் 1970-ல் சென்னை மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், பி. ராமமூர்த்தி மூவரும் ‘நியூராலஜி இந்தியா’ இதழில் எழுதியது வேறு மாதிரி. அவர்களிடம் வந்தவர்கள் பையன்களும் இளம்பெண்களும். கை கால் ஒரு பக்கம் அதிகமாகச் சூம்புகிறது, முகமும் நாக்கும் தளர்கின்றன, பலருக்குக் காதும் மந்தமாகிறது. ஆனால் நோய் மெதுவாகப் போகிறது, பல வருஷம் வாழ்கிறார்கள். உலகம் இன்று அதை மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய் என்றே அழைக்கிறது. நிம்ஹான்ஸில் 1971 முதல் 2007 வரை வந்த 116 நோயாளிகளைத் தொகுத்து 2008-ல் எழுதினார்கள்; அந்த நோயாளிகள் பெரும்பாலும் தென்னாட்டுக்காரர்கள். தெற்கில் ஏன் அதிகம் என்பதற்கு இன்றுவரை முழு விடை இல்லை. சில குடும்பங்களில் ஒருவருக்கு மேல் வருவதால் மரபணுவில் தேடுகிறார்கள். சொந்தத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் நமக்கு உண்டு. அதனால் ‘தாத்தா வழியில் ஒருத்தருக்குக் காது கேட்காது, கையும் சூம்பியிருந்தது’ என்று நீங்கள் சொல்லும் ஒரு வரி, கல்யாணப் பேச்சுக்கு இடைஞ்சலாக இருந்தாலும், மரபணு தேடுபவர்களுக்குப் பெரிய விஷயம். இதை எழுதும்போதே உங்கள் முகம் மாறுவது எனக்குத் தெரிகிறது. வீட்டில் கல்யாண வயதில் பெண் இருக்கும்போது எந்தத் தாயும் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். டாக்டரிடம் சொல்வது தரகரிடம் சொல்வது ஆகாது. அந்த அறைக்குள் சொன்னதை வெளியே சொல்ல அவருக்கு உரிமை இல்லை.

ஒரு சின்ன ஊர் வாய் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பிரான்ஸிலேயே ஓர் ஊர் இருக்கிறது. ஆல்ப்ஸ் மலையில் மோன்ஷவான் என்ற சிற்றூர். தேங்காய்த்திட்டின் ஒரு தெருவில் இருக்கும் ஜனம்கூட இருக்காது. அங்கே ஒருவர் பின் ஒருவராக ஷார்க்கோ நோய். உள்ளூர் மருத்துவர் கவனித்து, கிரனோபிள் ஆஸ்பத்திரியின் எம்லின் லாக்ராஞ்ச் என்ற நரம்பியல் மருத்துவரிடம் சொன்னார். தண்ணீர், மண், காற்று, மரபணு எல்லாம் சோதித்தார்கள். கடைசியில், நோய் வந்த 14 பேரும் காட்டில் பறித்துச் சாப்பிட்ட ஒருவகை நச்சுக் காளானின் பக்கம் சந்தேகம் திரும்பியது, 2021-ல் எழுதினார்கள். காளான்தான் காரணம் என்று தீர்ந்துவிடவில்லை, மறுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் காளானை விற்பது பிரான்ஸில் தடை. சாப்பிட்டோம் என்று ஒப்புக்கொள்ளவே அந்த மலைக்காரர்களுக்குத் தயக்கம் இருந்திருக்கும். அவர்கள் சொன்னார்கள்.

விஜயலட்சுமியின் பாதையும் கேசரிப் பருப்பு ஆய்வுக்குப் பிறகு எலியிலிருந்து ஊருக்குத் திரும்பியது. ஹரியானாவில் மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தை முதல் இயக்குநராக இருந்து கட்டி எழுப்பினார். 2009-ல் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தார். அங்கே மூளை ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கி வைத்தார். அதன் பெரிய வேலை ஆய்வகத்துக்குள் நடப்பதில்லை. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் மாம்பழத்துக்குப் பேர்போன சீனிவாசபுரா வட்டத்தில், 45 வயதைத் தாண்டிய, மறதி எதுவும் இல்லாத பத்தாயிரம் பேரைச் சேர்ப்பது என்று 2018-ல் ஆரம்பித்தார்கள். ரத்தம், மரபணு, மூளை ஸ்கேன், நினைவுச் சோதனை எல்லாம் எடுத்து, வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். யாருக்கு மறதி வருகிறது, வருவதற்குமுன் அவர் உடம்பில் என்ன மாறியிருந்தது என்று பிடிப்பதுதான் நோக்கம். நோய் வந்தபிறகு பார்த்தால் எது காரணம், எது விளைவு என்று பிரிக்க முடியாது. அந்த மாந்தோப்புக்காரர்கள் உடம்புக்கு ஏதும் இல்லாதபோதே போய் உட்கார்ந்து ரத்தம் கொடுக்கிறார்கள். நாம் ரத்தம் கொடுப்பதென்றால் ஆஸ்பத்திரி கட்டாயப்படுத்த வேண்டும், அல்லது தலைவர் பிறந்தநாள் வர வேண்டும்.

காரணம் என்றதும் உங்கள் போனில் வரும் செய்திகளையும் சொல்லியாக வேண்டும். அலுமினியச் சட்டியால் அல்சைமர் வருகிறது என்பது பழைய சந்தேகம், உறுதிப்படவில்லை. மீனில் பாதரசம் இருக்கிறது, மீன் தின்றால் மறதி வரும் என்று ஒன்று சுற்றியது. மீன் விற்றுச் சாப்பிடும் ஊரில் அதைப் பரப்பியவரும் நம்மவர்தான். சுறா மாதிரிப் பெரிய மீன்களில் பாதரசம் சேர்வது உண்மை. நெத்திலி, மத்தி, காரப்பொடியை அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. அமுக்கராக் கிழங்கு அல்சைமரைக் குணமாக்கிவிட்டதாக வந்த செய்திக்கு மூலம் விஜயலட்சுமி குழுவின் 2012 கட்டுரைதான். அதில் குணமடைந்தவை எலிகள். அந்த மருந்து மூளைக்குப் போய் வேலை செய்யவில்லை, கல்லீரலில் ஒரு புரதத்தைக் கூட்டி அதன்வழி மூளையின் கசடை இழுத்தது என்பதுதான் அதில் உள்ள அழகு. மனிதர்களிடம் அதே பலன் நிரூபணமாகவில்லை. செய்தியைப் போட்டவர்கள் எலியை விட்டுவிட்டார்கள்.

உறுதிப்பட்டவை எவை என்றால், அவை சலிப்பூட்டும் விஷயங்கள். 2024-ல் லான்செட் ஆணைக்குழு மறதி நோய்க்கு 14 காரணிகளைப் பட்டியலிட்டு, அவற்றைச் சரிசெய்தால் சுமார் 45 விழுக்காடு நோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பிருக்கிறது என்றது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, புகை, படிப்புக் குறைவு, தனிமை எல்லாம் அதில் உண்டு. மது உண்டு, அதைப் பற்றிப் புதுச்சேரியில் உட்கார்ந்து நான் என்ன எழுத? நம் ஊருக்குக் குறிப்பாக உறைக்க வேண்டியது செவிட்டுத்தன்மை. காது கேட்காதவர் மெல்லப் பேச்சிலிருந்து விலகுகிறார், மூளைக்கு வேலை குறைகிறது. விசைப்படகில் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே வருஷக்கணக்காக நின்ற டிரைவர்கள் இங்கே எத்தனை பேர்! கரையில் அவர்கள் கத்திப் பேசுவதை நாம் கோபம் என்று நினைக்கிறோம்.

மூளையைப் பற்றி ஒன்று கேட்கத் தயங்கிக்கொண்டே வந்தேன். நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளை வங்கி இருக்கிறது. கண்தானம் இப்போது நமக்குப் பழகிவிட்டது. மூளையைக் கொடுப்பதும் முடியும். உயிரோடு இருக்கும்போது டாக்டர் ‘அல்சைமராக இருக்கலாம்’ என்றுதான் சொல்கிறார். எது என்று தீர்மானமாகச் சொல்வது நுண்ணோக்கியின் கீழ் அந்தத் திசுதான். நோய் வந்தவர் தெளிவாக இருக்கும்போதே அவரிடம் பேசி வைக்க வேண்டிய விஷயம் இது. அவர் மாட்டேன் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியதற்கு வருகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, ஆண்கள் கரையில் இருப்பார்கள், வலை சரிசெய்யும் வேலைக்கு நடுவிலும் நேரம் கிடைக்கும். கோரிமேட்டு ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு ஒரு காலை போய்வர வேறு மாதம் பார்க்க வேண்டாம். போகும்முன் பழைய பள்ளி நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவருக்கு முதலில் மாறியது எது, எந்த வருஷம், எந்தப் பண்டிகைக்கு முன்னால் (வருஷம் மறந்தாலும் சுனாமிக்கு முன்னாலா, தானே புயலுக்குப் பின்னாலா என்பது யாருக்கும் மறக்காது), என்ன வேலைகள் பார்த்தார், எந்தெந்த மருந்து அடித்தார், தலையில் எப்போது அடிபட்டது, சாப்பிடும் மாத்திரைகள், அப்பா வழி அம்மா வழி இரண்டிலும் யாருக்கு இப்படி இருந்தது என்று எழுதுங்கள். எழுத வராவிட்டால் பேரப்பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். நரம்பணுப் படம் வரையச் சொல்லிப் படுத்தியதற்கு அவர்கள் எனக்குச் செய்யும் கைம்மாறாக இருக்கட்டும். நோட்டு எழுத உதவி வேண்டுமென்றால் என் வீட்டுக்கு வாருங்கள், மாலை நேரம் எப்போதும் இருப்பேன்.

டாக்டரிடம் போகும்போது வீட்டுக்குப் பெரிய ஆம்பளை மட்டும் போய் “எல்லாம் நல்லாத்தான் இருக்கார், கொஞ்சம் மறதி” என்று முடித்துவிட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து சில்லறை எண்ணுகிறவள் யாரோ, சோறு ஊட்டுகிறவள் யாரோ, இரவில் தாத்தா உதைப்பதை வாங்கிக்கொள்கிறவர் யாரோ, அவர்களைக் கூட்டிப்போங்கள். பெரியவரை வெளியே உட்காரவைத்துவிட்டு அவர்களை டாக்டரிடம் ஐந்து நிமிஷம் தனியாகப் பேச விடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தெருக்காரி,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
தேங்காய்த்திட்டு.